இழுவைக் கூடத்தில் ஆறு பேர்

எங்கள் ஊரில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழப்போகிறவர்களை முதலில் இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். அறாமல் தாங்கினால்தான் அனுமதி. புதன்கிழமை எங்கள் முறை.

என் நாத்தனார் விசாலி புருஷனை விட்டுவிட்டு, இரண்டு பெண்களோடு லாட்ஜில் தங்கியிருந்தாள். எங்களோடு சேர அனுமதி கிடைக்காவிட்டால் அந்த மனிதனிடமே திரும்பிப் போக வேண்டும். அவன் லட்சணத்தை அவள் முழங்கைத் தழும்பே சொல்லும். நான் வேறு சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை.

இழுவைக் கூடத்தின் பொறியாளர் பொன்னரசு முதலில் சின்ன மாதிரிகளை இழுத்தார். நானும் என் கணவரும் தாங்கினோம். நானும் விசாலியும் தாங்கினோம். அவள் வளையல் மட்டும் நெளிந்தது.

"அப்புறமென்ன சார், அனுமதி குடுங்க. அடுப்புல குக்கர வச்சிட்டு வந்திருக்கேன்."

"அவசரப்படாதீங்க மேடம். ரெண்டு பேருன்னா அறுந்துபோக ஒரு இடம்தான். ஆறு பேரு கைகோத்து நின்னா அஞ்சு இடம். அதுல எது மட்டமோ, அதுதான் மொத்தக் குடும்பத்தோட பலம். ஆளு கூடக் கூட, மட்டமான இடம் ஒண்ணு உள்ள இருக்கிற வாய்ப்பும் கூடும்."

"எந்த இடம்னு சொல்லுங்க, தச்சுடறேன்."

"அறுந்தாதான் தெரியும்."

போன வாரம் அறுந்த குடும்பம் ஒன்று இன்னும் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

வயது வரிசையில் நிற்பதுதான் வழக்கம். ஒரு முனையில் என் கணவர், மறு முனையில் விசாலியின் சின்னவள் தாரிணி. நடுவில் நான், விசாலி, என் மகன், விசாலியின் பெரியவள். இயந்திரம் உறுமத் தொடங்கியது.

"அத்தை, எனக்குக் கை வழுக்குது," என்றாள் தாரிணி.

கான்வென்ட்டில் உயர வரிசையில் நின்று நின்று, வரிசை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எதுக்கு ரேஷன் கடை க்யூ மாதிரி? வாங்க இங்க. எல்லாரும் எல்லாரையும் புடிங்க."

"மேடம், வரிசைதான் வழக்கம்."

"வீட்ல நாங்க வரிசையாவா இருக்கோம்? ஒரே பாத்ரூம் சார்."

எல்லோரும் கொத்தாக ஒருவரையொருவர் பற்றிக்கொண்டோம். இயந்திரம் இழுத்தது. பெரியவள் பற்றியிருந்த என் கணவரின் பெல்ட் அறுந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விசாலியின் பிடி நழுவியது. அவளை என் மகன் வாங்கிக்கொண்டான். தாரிணி இரண்டு தடவை விட்டாள். இரண்டு தடவையும் யாரோ ஒருவர் கை அங்கே இருந்தது.

கடைசியில் இயந்திரம் இரண்டாக அறுந்தது.

பொன்னரசு அனுமதி தந்தார். பிறகு கைக்குட்டையால் இயந்திரத்தைத் துடைத்துவிட்டார்.

"பாவம் மேடம். இது எப்பவும் தனியாவே இழுத்துச்சு."

விசாலி என் முந்தானையை இழுத்தாள். "அண்ணி, இதையும் கூட்டிட்டுப் போயிடலாமா?"

அனுமதி கேட்க வழியில்லை. இழுத்துப் பார்க்க வேறு இயந்திரம் கிடையாது. இரண்டு பாதிகளையும் ஏற்றியதில் ஆட்டோவில் இடம் போதாமல் என் கணவர், வேட்டியைப் பிடித்துக்கொள்வதுபோல் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்து வந்தார்.

குக்கர் அடிப்பிடித்திருந்தது. மேலாக இருந்த சோற்றை எடுத்து எல்லோருக்கும் போட்டேன். இயந்திரத்தின் மேல்பாதி மறுசோறு கேட்டது. கீழ்ப்பாதிக்கு ரசம் பிடிக்கவில்லையாம். நாளையிலிருந்து அதற்கு மோர்தான்.