கை அசையாத பத்து நிமிடம்

புதுப்பிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் எப்போது வாயைத் திறந்து கேட்க வேண்டும்? இதை முடிவு செய்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். காலையில் கேட்டால் வேலை ஆரம்பிக்கும் நேரத்திலா என்று திட்டுகிறார்கள். மாலையில் கேட்டால் கிளம்பும் நேரத்திலா என்கிறார்கள். நடுவில் கேட்டாலோ, சொல்லவே வேண்டாம். ஆறு மாதமாக இதையே பேசிப் பேசி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

கடைசிக் கூட்டத்தில் அவளே ஒரு வழி சொன்னாள். பத்து நிமிடம் கீபோர்டிலும் மவுஸிலும் கை படவில்லை என்றால் ஆள் எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். அப்போது கேட்கலாம். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் தானே அணைந்து, போட்டுக்கொண்டு எழுந்திருக்கட்டும்.

"கையைக் கட்டிக்கிட்டு யார்கிட்டயாவது பேசிட்டு இருந்தா?" என்று சோதனைப் பிரிவுப் பெண் கேட்டாள்.

"அத அடுத்த தடவை பாத்துக்கலாம்."

எல்லோருக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. தலையாட்டிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன் அவரவர் வீட்டில் போட்டுப் பார்ப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். அவள் வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப், அதில்தான் போட்டு வைத்தாள். அதன்முன் பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பவர் கணவர். கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர், வேலை போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

இன்று பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். இதுதான் கடைசிச் சுற்று, தேறினால் வேலை கையில். விதிகளோ பரீட்சை ஹாலைத் தோற்கடிக்கும். இரண்டு கையும் மேஜைமேல் தெரிய வேண்டும், எதையும் தொடக் கூடாது, அறைக்குள் யாரும் வரக் கூடாது, இணைப்பு அறுந்தால் அத்தோடு சரி. வீடு சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று அவள் அரை நாள் லீவு போட்டிருந்தாள். குக்கரைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் தயங்காமல் வந்தது. மழைத் தண்ணீர் புகுந்த கிடங்கில் மூட்டைகளை எப்படி மேலே ஏற்றினேன் என்று விவரித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். மனுஷர் கலக்குகிறார் என்று நினைத்தாள்.

அப்போதுதான் டிங் என்று மெல்லிய மணி ஒன்று ஒலித்தது. முப்பது மணிகளைக் காது வலிக்கக் கேட்டு அவளே பொறுக்கி எடுத்தது. யாரையும் திடுக்கிட வைக்காதாம்.

லேப்டாப்பில் அதைப் போட்டு வைத்ததே அவளுக்கு மறந்திருந்தது. அறுபது விநாடி. உள்ளே போனாலும் போச்சு, போகாவிட்டாலும் போச்சு. 'பின்னர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, ஒரு விரல் போதுமே, அழுத்துங்களேன்! கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். உள்ளே அவர் அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு "ஹலோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஹலோ?"

லேப்டாப் எழுந்திருக்க இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள், கலந்துகொண்டதற்கு நன்றி என்று அவர் போனுக்குச் செய்தி வந்துவிட்டது.

அவர் வெளியே வந்து நாற்காலியில் சரிந்தார்.

"நடுவுல ஒரு பெட்டி வந்துச்சே, பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். அறுபது, அம்பத்தொம்பதுன்னு எண்ணிட்டே இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க அழுத்தல? ஒரு நிமிஷம் சார்னு சொல்லிட்டுத் தட்டியிருக்கலாமே!"

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதுவுமில்லாம..." முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார். "நீ செஞ்சதுதானே அது. நான் பேசிட்டு இருக்கறது அதுக்குத் தெரியாமலா போகும், எண்ணி முடிச்சிட்டுப் பேசாம போயிடும்னு இருந்துட்டேன்."

 அவர் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"என்னைத் திட்டுங்களேன்" என்றாள்.

"அதுக்குக்கூடத் தெம்பில்லம்மா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.