முப்பத்தேழு கல்லும் உண்டு

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவே இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அரசு வேலைப் பரீட்சைக்கு ஆள் தயார் செய்யும் பயிற்சி மையம் ஒன்றில் கேட்டார்கள்: "நிர்வாகச் சிக்கல் ஒன்னு, அதுக்கு நாலு விடை, அதுல ஒன்னுதான் சரி. பசங்க யோசிச்சுப் பழகற மாதிரி எழுதிக் குடுங்க சார்." சிக்கலை எழுதிவிட்டேன். விடைதான் நாலுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. மூன்று வாரம் ஆயிற்று. அவர்கள் போன் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "1938ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், கீழ்வானில் கதிரவன் தன் பொற்கதிர்களை

வேண்டாம். கதிரவனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: நாச்சிமுத்துவுக்கு வேலை கிடைத்த ஊர் நான்கு வருடமாகத் தண்ணீருக்குள் இருந்தது.

இது தேவலை. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் நிரம்பியபோது முழுகிய ஊர்களில் ஒன்று அது. கருங்காடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். (வரைபடத்தில் தேடாதீர்கள். நானே வைத்த பெயர்.) ஊர் முழுகியதை எல்லாரும் பார்த்தார்கள். தாலுகா ஆபீஸ் பட்டியலில் மட்டும் யாரும் அதை அடிக்கவில்லை. பட்டியலில் ஊர் இருந்தால் கணக்குப்பிள்ளை வேண்டுமே? நான்கு வருடம் ஆளில்லாமல் கிடந்த அந்த இடத்துக்கு, குமாரபாளையத்தில் தறியை விட்டு எழுந்து, பரீட்சை எழுதித் தேறி வந்த நாச்சிமுத்துவை ஆறு மாதத் தற்காலிகமாகப் போட்டார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். "வந்துட்டானய்யா கலெக்டரு" என்று அண்ணன் வரவேற்பான். அந்த ஒரு வரியை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

3

வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு முன்னால், ஊரில் நில எல்லை காட்டும் சர்வே கற்களையெல்லாம் நேரில் பார்த்து, சுண்ணாம்பு அடிக்க வைத்து, அறிக்கை அனுப்ப வேண்டும். கருங்காட்டுக்குக் கல் முப்பத்தேழு. படிவத்தில் இரண்டே கட்டம்: "உண்டு", "காணவில்லை".

நாச்சிமுத்து நேர்மையாக "காணவில்லை: 37" என்று எழுதினான். பதில் வந்தது: திருட்டு என்றால் போலீசுக்கு எழுதினீரா?

"உண்டு, நீருக்கடியில்" என்று மாற்றினான். பதில் வந்தது: கண்ணால் பார்த்தீரா? சுண்ணாம்பு அடித்தாயிற்றா?*

மூன்றாவதாக "ஊரே இல்லை" என்று எழுதி, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பாலசுந்தரத்திடம் நீட்டினான். அவர் நிதானமாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

"ஏந் தம்பி, ஊரு இல்லீன்னா ஊருக்குக் கணக்குப்புள்ள எதுக்கு?"

"அதுதானுங்க நானும் யோசிக்கறேன்."

"யோசி. அதுக்குத்தான் உன்னையப் போட்டிருக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள யோசிச்சுப்போடு."

* தண்ணீருக்குள் சுண்ணாம்பு அடிப்பது எப்படி என்று அவன் உண்மையாகவே ஒரு மணி நேரம் யோசித்தான். எனக்கு அவன்மேல் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான்.

4

இங்கே எனக்கு அவன்மேல் சந்தேகமும் வந்தது. இவ்வளவு அப்பாவி பரீட்சையில் எப்படித் தேறினான்? எழுதியதை அடித்துவிட்டு, கெட்டிக்காரனாக ஒருவனை எழுதிப் பார்த்தேன். அந்தக் கெட்டிக்காரன் ஆபீசில் உட்கார்ந்தபடியே "உண்டு" என்று பொய் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான். கதை அரைப் பக்கத்தில் முடிந்தது. பழையவனையே திரும்பக் கூப்பிட்டேன்.

பழையவன் வியாழக்கிழமை நடந்தான். முழுகிய ஊர்ச் சனங்கள் குடியேறிய மேட்டுக்குப் போய், கல்லெல்லாம் எந்தெந்த இடத்தில் இருந்தது என்றாவது கேட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். மாரியாயி என்ற அம்மாள் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"கருங்காட்டுக் கல்லுங்களா?" கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க சாமி. ஊட்டுக்குப் பொறவால இருக்குதுங்க."

இருந்தன. முப்பத்தேழும். வரிசையாக நட்டு, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்து, எண் தெரியக் கரிக்கோடு போட்டு. நாச்சிமுத்து இரண்டு தடவை எண்ணினான்.

"இதெப்படிங்க இங்க வந்துச்சு?"

"வண்டியிலதானுங்க. பழைய கணக்குப்புள்ள வருசா வருசம் சொல்லுவாரு, கல்லு போனா செயிலுன்னு. ஊர உட்டுப் போங்கன்னதும் மொதல்ல கல்லத்தான் பேத்தோம். அப்பறந்தான் சட்டி பானையெல்லாம்."

சர்வே கல்லை இடத்தைவிட்டு எடுப்பதே குற்றம். ஜெயிலுக்குப் பயந்து, ஜெயிலுக்குப் போகிற காரியத்தை ஊரே சேர்ந்து பொறுப்பாகச் செய்திருக்கிறது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அதை அடக்கிக்கொண்டு மூன்றாம் தடவை எண்ணினான்.

"நாலு வருசமா சுண்ணாம்பு அடிச்சுப்போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கறோமுங்க. யாரும் வல்லீங்க. நீங்கதான் மொதல்ல வந்தீங்க" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக் குரல் தாழ்த்தினாள். "ஏனுங்க சாமி, தப்புங்களா?"

5

பயிற்சி மையத்துக்கான விடைகள்:

(அ) "உண்டு: 37. நேரில் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்திருக்கிறது." ஒரு சொல்லும் பொய்யில்லை. வேலை நிரந்தரமாகும். இல்லாத ஊருக்கு ஓய்வு பெறும்வரை கணக்குப்பிள்ளை.

(ஆ) "உண்டு; ஆனால் வேறு இடத்தில்." முழு உண்மை. ஊர் பட்டியலிலிருந்து போகும், வேலையும் போகும், கல்லைப் பெயர்த்த குற்றத்துக்கு மாரியாயி முதல் எல்லாரும் கோர்ட்டு ஏறுவார்கள்.

(இ) கற்களை இரவோடு இரவாகத் தண்ணீரில் தள்ளி

இல்லை. அந்த அம்மாள் நாலு வருடம் வெள்ளையடித்த கல். எனக்குக் கை வரவில்லை.

(ஈ)

(ஈ) இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

6

நாச்சிமுத்து (அ)வைத்தான் எழுதினான். "தப்பில்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டு வாசலிலேயே, முழங்காலில் பலகை வைத்து எழுதினான். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, படிவத்தின் அடிவரைக்கும். அங்கே அச்சடித்திருந்தது: "கல் நின்ற இடத்திலேயே நிற்பதற்குச் சாட்சிகள், இருவர்."

படிக்கத் தெரியாத மாரியாயி, ஆபீசு ஐயாவே தப்பில்லை என்ற சந்தோஷத்தில், விரலை மையில் தோய்த்து முதல் கோட்டில் வைத்துவிட்டாள். அவன் தடுக்கக் கை நீட்டியபோது ரேகை பதிந்துவிட்டது.

இன்னொரு கோடு காலி. அது நிரம்பாவிட்டால் அறிக்கை செல்லாது, வேலை இல்லை, அண்ணன் வாசலில் நிற்பான். நிரம்பினால் அந்த ரேகை பொய்ச் சாட்சி, மாட்டினால் மாட்டுகிறவள் அவள். கல்லைப் பெயர்த்த ஊர்க்காரர் இன்னொருவரையும் மாட்டிவிட அவனுக்கு மனமில்லை. நான் போடலாம் என்று பார்த்தேன். முடியாது. கல்லை நட்டவனே நான்தான், என் சாட்சி எடுபடாது. அந்த முப்பத்தேழையும் பார்த்த வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

நாளை வெள்ளிக்கிழமை. நாச்சிமுத்து படிவத்தை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, மை காய்வதற்குள் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மாரியாயி உங்களுக்கு மோர் கொண்டுவர உள்ளே போயிருக்கிறாள்.

சாட்சி 2: ______________