உப்புத்தண்ணீர்ப் பஞ்சு

உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை என் நெற்றிமேட்டில் வைத்து, ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டிவிட்டு, லில்லி சிஸ்டர் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "எறும்பு கடிக்குதாக்கா?" நானும் தினமும் கடிக்குது என்பேன். கடிக்கத்தான் செய்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கினாலும் உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து ஸ்டூலில் என் வீட்டுக்காரர் மணவாளன், வயல் வேலையைப் போட்டுவிட்டு, என் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இருப்பது எம்.எஸ். என்ற நரம்பு வியாதி. எங்கள் செலியமேட்டில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. கையோ காலோ விழுந்திருந்தால் ஊரே நம்பியிருக்கும். எனக்கு விழுந்ததோ உடம்பின் சத்து. காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள், நாளெல்லாம் கரும்பு வெட்டினவள் மாதிரி துவண்டுவிடுவேன். வெயில் ஏறினால் இன்னும் மோசம். ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருப்பேன், அதுதான் என் கெட்ட நேரம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று என் மாமியார் விருத்தாம்பாள் சொல்வார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

மாத்திரைகள் இந்தக் களைப்பைத் தொடக்கூட இல்லை. தலையில் லேசாகக் கரண்ட் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது, அதில் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், பாதிப் பேருக்குச் சும்மா, யாருக்கு எது என்பதைக் கடைசியில்தான் சொல்வோம் என்று முதலிலேயே விளக்கிவிட்டார்கள். எனக்கு நிஜம்தான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். மாமியாரும் ஒரு முடிவு பண்ணியிருந்தார். இதிலும் தேறவில்லை என்றால் நான் அபிஷேகப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், மகள் இங்கேயே இருப்பாள்.

நான் தேறினேன். சொன்னால் சிரிப்பீர்கள், வாசல் தெளித்துக் கோலம்கூடப் போட்டேன். முன்பெல்லாம் மகளுக்கு ஒரு சடை பின்னுவதற்குள் கை விழுந்துவிடும். மறு பாதியை அவளே எப்படியோ முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். நான் தேறின அந்த வாரம் இரட்டைச் சடையும் போட்டு ரிப்பன் கட்டிவிட்டேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நேற்று முடிவு சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு வைத்தது சும்மா. தோலில் சுருக்கென்று இருக்கவேண்டும் என்பதற்காக ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் கரண்ட் விட்டு நிறுத்திவிடுவார்களாம். டாக்டர் நல்ல மனிதர். இதனால் உங்கள் களைப்பு பொய் என்று ஆகாது, நீங்கள் தேறினதும் பொய் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். திரும்ப ஆராய்ச்சி தொடங்கினால் கூப்பிடுவார்களாம். மணவாளன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். காலையில் மாடிப்படியைத் தனியாக ஏறி வந்தவள் நான். நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவர் தோள் வேண்டியிருந்தது.

திரும்பும்போது வண்டி பாகூர் ஏரிக்கரைக்கு வந்தது. அங்கே வேகத்தைக் குறைத்து, "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாடா சொன்னாங்க?"

"நெஜ கரண்ட்டுதான் வச்சிருக்காங்கமா. வெண்ணிலாவுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. அவள எங்கயும் அனுப்ப வேணாம்."

பொய் சொல்லி என்னை வீட்டில் வைத்துக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாமியாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில், பஞ்சு வைத்த அதே இடத்தில் பூசினார். பூசிவிட்டு, "நாளைக்கு நடவு. ஒரு ஆளு கொறையுதேன்னு பாத்துக்கினு இருந்தேன். நீ எறங்கிடு" என்றார். மணவாளன் வாயைத் திறந்தார். குணமாகிவிட்டவளுக்காக என்ன சொல்ல முடியும்? ஹெல்மெட்டை மாட்டி வைக்கப் போனார்.

விடிந்தபோது போர்வையைத் தள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், கரண்ட்டே இல்லாமல் தேறினவளுக்கு வியாதி மட்டும் எங்கிருந்து வந்தது என்று மாமியார் கேட்பார். டாக்டர் சொன்ன மாதிரி எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மகள் இரண்டு ரிப்பனையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, சீப்பைத் தேடப் போனாள்.

ரிப்பனை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் தேய்க்க வாங்கிவைத்த புதுப் பஞ்சு ஒன்று இருந்தது. கிண்ணத்தில் உப்பைக் கரைத்து அதில் நனைத்தேன். தரையில் உட்கார்ந்து, பஞ்சை நெற்றியில் வைத்து, ஒரு ரிப்பனைச் சுற்றினேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியாமல் இல்லை. அன்றைக்கும் கரண்ட் இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்றேனே, அது எங்கே போனது? பின்னால் முடிச்சுப் போடக் கை ஏறவில்லை. இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தேன், இரண்டு தடவையும் விழுந்தது. உப்புத்தண்ணீர் கண்ணில் இறங்கி எரிந்தது.

வயலுக்குக் கிளம்பிய மணவாளன் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, ரிப்பனின் இரண்டு முனையையும் வாங்கி, லில்லி சிஸ்டர் கட்டுவதுபோலவே இழுத்துக் கட்டினார்.

வெளியே மாமியார் குரல் கொடுத்தார். நடவுப் பெண்கள் வந்துவிட்டார்களாம்.

"எறும்பு கடிக்குதா?" என்று கேட்டார் மணவாளன்.

கண்ணை இறுக்கி மூடினேன். "கடிக்குது."

முடிச்சிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. மகள் சீப்போடு வந்து, முடியை அவிழ்த்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.