எவனும் உள்ள வரல

இந்தக் காலத்து முதலாளிங்களுக்குக் கை நீளுற வேகத்துல பாதி கூட மூளை ஓடுறதில்லை. வாசல்ல நிக்கிறவனத் திருடன்னு முதல்ல அடிப்பானுங்க. எது காணாமப் போச்சுன்னு அப்புறமாத்தான் பாப்பானுங்க.

பஞ்சநாதனுக்கு வயது அறுபத்தெட்டு. ரெட்டியார்பாளையத்து சாப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷமாக வாட்ச்மேன். அவரைத் தாண்டி ஒரு பூனை உள்ளே போனதில்லை என்கிற பேர் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

திங்கட்கிழமை காலை முதலாளி வெற்றிச்செல்வன் வந்ததும் வராததுமாக அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"யோவ் பெருசு, சனிக்கிழமை எவன உள்ள விட்ட? எழுதி வெச்ச புரோகிராம் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்யா!"

"எவனும் உள்ள வரல சார்."

"நீதான்யா கூட்டு!" அறை விழுந்தது. காது கொய்யென்றது.

"டேய்!" பஞ்சநாதன் கையிலிருந்த காவல் தடியை வீசினார். வெற்றிச்செல்வனின் முன்பல் தெறித்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. அவன் நாற்காலியைத் தூக்கி அடித்ததில் கிழவரின் புருவம் பிளந்தது. இருவரும் தரையில் உருண்டார்கள். தடி அவன் தொண்டையில் அழுந்தியது.

"விடுங்கண்ணே, செத்துடுவாரு!" உள்ளே புரோகிராம் எழுதும் கலைவாணி ஓடிவந்து தடியைப் பிடுங்கினாள். "சார், திருடன் வாசல்ல வரல. கிட்ல வந்திருக்கான்."

கிட் என்பது அவர்கள் எழுதும் புரோகிராமையெல்லாம் சேர்த்து வைக்கும் கருவி. வெளியிலிருந்து எந்தெந்த முறையில் அது இழுக்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு.

"எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச்னு ரெண்டு முறை போதும்," என்றாள் கலைவாணி. "எக்ஸ்ட்னு இன்னொண்ணு, வெளியாள் எழுதின கட்டளைய நம்ம கம்ப்யூட்டர்லயே ஓட்டிடும். அதனால அது மூடியேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் தொறந்தது நீங்க. சனிக்கிழமை எவனோ அனுப்பின புராஜெக்ட்ட இழுத்ததும் நீங்கதான் சார். அதுல இருந்த கட்டளைதான் எல்லாத்தையும் அவனுக்கு அனுப்பிடுச்சு."

"ஏதோ தடுத்துக்கினே இருந்துச்சு... அவசரத்துல..." வெற்றிச்செல்வன் வாயைப் பொத்திக்கொண்டான். "பெரியவரே, மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வந்துடுங்க."

"கதவே தொறக்காம ஒருத்தன் வந்து அள்ளிட்டுப் போனானா? யார்கிட்டடா கத உடுற? நீயே எவன்கிட்டயோ குடுத்துட்டு என் தலையில கட்டுற."

"சத்தியமாண்ணே," என்றாள் கலைவாணி.

"நீயும் அவன்கிட்ட சம்பளம் வாங்குறவதானே?"

காவல் சட்டையைக் கழற்றி, தரையில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வன் மடியில் எறிந்தார். பனியனோடு, கண்ணில் இறங்கும் ரத்தத்தைப் புறங்கையால் வழித்தபடி, விழுப்புரம் ரோட்டில் இறங்கி நடந்தார். "கம்ப்யூட்டராம், கட்டளையாம்... திருட்டுப் பசங்க."