மேல் வரிசையில் அப்பா

எங்கள் ஊர்ப்பக்கம் பேனரில் முகம் வைப்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் அடிதடி நடக்கும். உயிரோடு இருப்பவர்கள் கீழே, இறந்தவர்கள் மேலே. மேலே இருப்பவர்களுக்குச் சுற்றிலும் வெள்ளை மேகம், பின்னால் லேசான வெளிச்சம், எங்களைப்போல் வேதக்காரர்களாக இருந்தால் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. கீழ் வரிசையில் பெரியப்பா முகம் சித்தப்பா முகத்தைவிட ஒரு விரற்கடை சிறிதாகிவிட்டால் போதும், மனுஷன் பந்தியில் உட்கார மாட்டார்.

வில்லியனூரில் நான் கிராஃபிக் டிசைன் படிக்கிற சென்டரில் நவாஸ் சார் இதையே பிராஜெக்டாகக் கொடுத்தார். கற்பனைக் கல்யாணம், கற்பனைக் கடைத்திறப்பு எல்லாம் வேண்டாம், நிஜமாக நடக்கப்போகிற ஒரு விசேஷத்துக்கு பேனர் செய்து, பிரிண்ட் போட்டுத் தெருவில் கட்டுங்கள் என்றார். தப்பு செய்தால் நான் மார்க் குறைக்க மாட்டேன், உங்கள் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் விசேஷம் தேடி அலையவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவுக்கு அந்த மாதம்தான் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விசேஷம்.

எங்கள் அப்பா பாஸ்கல், ஸ்டெல்லா தவழ்ந்துகொண்டிருந்தபோது கத்தாருக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கேட்டால் அம்மா, “தகவல் இல்ல” என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் எங்கள் இருவரையும் மாதா கோயிலுக்கு அழைத்துப்போய் மெழுகுவர்த்தி ஏற்ற வைப்பாள். நான் நம்பினேன். சின்ன வயதில் மட்டுமில்லை, இந்த வருஷம்கூட. புதுநன்மைக்காவது வந்து நிற்பார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். யாரிடமாவது சொன்னால் கேலி செய்வார்கள் என்று சொல்லவில்லை.

பேனருக்காக அப்பாவின் படத்தை அவருடைய, அம்மாவுடைய கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தேன். போட்டோஷாப்பில் பென் டூல் என்று ஒன்று உண்டு. உருவத்தின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் கிளிக் செய்து சுற்றி வந்து வெட்டி எடுக்க வேண்டும். முதல் தடவை அப்பாவுக்கு ஒரு காது போனது. இரண்டாவது தடவை தாடை கோணிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. இடது காதுக்கு மேலே ஒரு கொத்து முடி படியாமல் தூக்கிக்கொண்டு நின்று என்னைப் படாத பாடு படுத்தியது. போட்டோ பழுப்பேறிக் கிடந்ததால் நிறத்தையும் திருத்த வேண்டியிருந்தது. அவருடைய நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது. என் முழங்கையைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

கீழ் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். அம்மா திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் வேலை முடிந்து வந்ததும் போனில் பேனரைக் காட்டினேன். அப்பா முகத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அப்பாவத் தூக்கி மேல போடு.”

அவளுக்கு விவரம் புரியவில்லை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மேல் வரிசை இறந்தவர்களுக்கு அம்மா என்று விளக்கினேன்.

“தெரியும். மேல போடு. சிலுவையும் வையி.”

சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டாள். எப்போது, எப்படி, யார் சொன்னார்கள் என்று கேட்டாலும் அவளிடமிருந்து பதில் வராது. யாரோ தகவல் கொண்டுவந்திருக்கிறார்கள், இவளால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பேனரில் சொல்கிறாள் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

மறுநாள் சென்டரில் அப்பாவை மேலே ஏற்றினேன். மவுஸால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. மேகம் போடும்போதுதான் தாங்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். நவாஸ் சார் வந்து திரையைப் பார்த்தார். மற்ற பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மேகத்துக்கு பிரஷ்ஷின் ஓரத்தை இன்னும் மென்மையாக்கிக்கொள்ளம்மா என்று மட்டும் சொன்னார்.

பேனரை எங்கள் தெரு முனையில் கட்டினார்கள். ஊரே பார்த்தது. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். எப்போது நடந்தது என்று கோயில் உபதேசியார் கேட்டதற்கு, ரொம்ப நாளாகிறது என்றாள் அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நான் அவள்மேல் கோபப்பட்டேன். அப்பாவின் முகமே தெரியாத ஸ்டெல்லா, இறந்தவர்களுக்கான செபத்தை என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்தாள். புனிதர்களைப்போல் அப்பாவுக்கும் பின்னால் வெளிச்சம் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே அத்தை ஸ்டெல்லாவுக்கு வெள்ளைக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பூ வாங்கிக்கொண்டு தெரு முனைக்கு வந்தபோது, பேனருக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. முன்னால் மூன்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை பாதி வழுக்கை, தொப்பை விழுந்திருந்தது. இருந்தும் இடது காதுக்கு மேலே மிச்சமிருந்த முடி படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் காதை, அந்தத் தாடையைப் புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்தவள் நான். என் கண் ஏமாறாது.

“ப்பா, உன் போட்டோ” என்றது அந்தக் குழந்தை.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. எனக்கு இரண்டாவது அடி அங்கே விழுந்தது. அவரோ அரியாங்குப்பத்தில் வீடு என்றும், திருவாண்டார்கோயில் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுவதாகவும், பேனரை நேற்று ராத்திரி யாரோ போட்டோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட, மாலை வாங்கக் காசு திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் படபடவென்று சொன்னார். அரியாங்குப்பம். கத்தார் இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம்.

“உயிரோட கீற ஆள இப்டி போடலாமா மதலேனா? கழட்டச் சொல்லு.”

அம்மா குரலை உயர்த்தவில்லை.

“உன்ன பஸ் ஸ்டாப்புல பாத்தேன், இந்தப் புள்ளையோட. வூட்டுக்கு வந்தா இதுங்க ரெண்டும் அப்பா எப்ப வரும்னு கேக்குதுங்க. நான் இன்னா சொல்றது? செத்துட்டன்னா ஒரு தபா அழுதுட்டு வுட்டுடும். கீறன்னு சொன்னா, சாவற மட்டும் வழி பாத்துக்கினு நிக்கும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். யாரு இந்த வேலையச் செஞ்சது என்று, பேனரைக் காட்டி, யாரோ மூன்றாம் மனுஷியிடம் கேட்பதுபோல் என்னிடமே கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“நான்தாம்பா. நெஜமாவே நீ செத்துட்டன்னு நெனச்சி, அழுதுக்கினே போட்டேன்.”

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எத்தனை சனிக்கிழமை கேட்ட வரம். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். இந்த ஆள் ஏன் உயிரோடு இருக்கிறார் என்றுதான் தோன்றியது. அப்படி நினைக்கிற மனசு எனக்குள் இருக்கிறதே என்று அதைவிட ஆடிப்போனேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, குழந்தையின் தலையை முன்பக்கம் திருப்பிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினார். கழற்றச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டெல்லா ஓடிவந்தாள். யார் அது, ஏன் போகிறார் என்று கேட்டாள். அம்மா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் தயங்காமல் பதில் சொன்னவளுக்கு அன்றைக்குப் பேச்சு எழவில்லை. என்னைப் பார்த்தாள்.

“யாரோ வழி தெரியாம வந்துட்டாங்கடி” என்றேன். “வா, பூசைக்கு மணியடிச்சிட்டாங்க.”

குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. ஸ்டெல்லா நம்பிவிட்டாள்.