பால்கனியில் எடுத்த படம்

தம்பி அக்காவிடம் பேசி ஒரு வாரமாகிவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் மாமாவிடம் சொன்னான். அக்காவின் வீட்டுக்காரரான அந்த மாமா, பக்கத்திலேயே நிற்கும் மனைவியிடம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"திங்கக்கிழமை கான்கிரீட்டுன்னு சொல்லிடுங்க மாமா."

"கேட்டுச்சு. எனக்கும் காது இருக்கு" என்பாள் அக்கா.

மாமா இரண்டு பக்கமும் தலையாட்டி வைப்பார். இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்ததிலிருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அதுதான்.

அக்காவின் புது வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவன் தம்பி. தொழிலே அதுதான், காண்ட்ராக்டர். சொந்தத் தம்பியே காண்ட்ராக்டராக இருந்தும், வெளியிலிருந்து ஒரு கட்டடப் பரிசோதகரை அமர்த்திவிட்டாள் அக்கா. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. சண்டை அதில் ஆரம்பித்தது.

"நான் என்ன ஊரான் பிள்ளையா? என்னைய வேவு பாக்க ஆள் வெக்கிறே!"

"வேவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க மருந்துக்கடையில நான் எடுத்து வெக்கிறத இன்னொருத்தி பாத்துட்டுத்தான் குடுப்பா. அவ எடுக்கிறத நான் பாப்பேன். அதுக்காக ஒருத்திய ஒருத்தி திருடின்னா நெனைக்கிறோம்?"

"மருந்துக்கடையும் கட்டடமும் ஒண்ணா?"

"மாத்திரை மாறினா ஒருத்தர்தான் போவாங்க. வீடு விழுந்தா குடும்பமே போகும்."

சொல்லித் தொலைத்துவிட்டாள். விழுங்கியிருக்க வேண்டிய வார்த்தை. பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவன், அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அம்மா போன பிறகு தலைவாரி, ஊட்டிவிட்டு அவனை வளர்த்தவள் அவள். சாப்பாட்டைத் தள்ளினால் அக்காவுக்கு எங்கே வலிக்கும் என்பது அந்தப் பாவிக்கு நன்றாகத் தெரியும். வீடு வந்து தம்பி போய்விடுவானோ என்று அவள் பயந்தாள். அப்படியானால் அந்த வீடே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமாவின் அண்ணனும் வந்திருந்தார். உடம்பைப் பார்த்துக் குடும்பமே அவருக்குப் 'பீரோ' என்று பெயர் வைத்திருந்தது. நேரிலேயே கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்திருந்தது, மறுநாள் கான்கிரீட். வீட்டு முகப்பில் பால்கனிக்கான கம்பிகளும் பலகைக்கு மேலே வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன.

கம்பி கட்டிய பிறகு யாரும் மேலே ஏறக் கூடாது என்பது தம்பியின் சட்டம். ஏறியே தீர வேண்டுமென்றால் அவனே நடைபலகை போட்டுக் கூட்டிக்கொண்டு போவான். ஆனால் அவனைக் கேட்பது யார்? மாமா வழியாகக் கேள்வி போய், மாமா வழியாகப் பதில் வருவதற்குள் இருட்டிவிடும். "அஞ்சே நிமிஷம், ஒரு படம் எடுத்துட்டு எறங்கிடலாம்" என்று அக்காதான் எல்லாரையும் ஏற்றினாள். "ஒட்டி நில்லுங்க, இன்னும் ஒட்டி நில்லுங்க" என்று பால்கனிக் கம்பிமேல் நெருக்கி நிற்க வைத்துப் படமெடுத்தார் மாமா.

திங்கட்கிழமை காலை கான்கிரீட் லாரி தெருவில் உறுமிக்கொண்டு நிற்கும்போது பரிசோதகர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. எதைப் பார்த்தாலும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதால் மாமா அவருக்குச் 'சுத்தியலம்மா' என்று பெயர் வைத்திருந்தார். சுத்தியலம்மா வணக்கத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு, நடைபலகையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துக் கம்பிகளுக்கு அடியில் பார்த்தார். உள்ளே முழுக்கப் பார்த்து முடித்துவிட்டுப் பால்கனிக்கு வந்ததும் டேப்பை எடுத்தார். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"லாரிய நிக்கச் சொல்லுங்க" என்றார். "இந்தக் கம்பி மேல இருக்கணும். கீழே பலகையோட ஒட்டிக் கிடக்குது."

"அதனால என்ன மேடம்?" என்று கேட்டாள் அக்கா.

"பால்கனிக்கு வெளிப்பக்கம் தூண் கிடையாதும்மா. வீட்டுக்குள்ளேருந்து வர்ற இந்த மேல் கம்பிதான் அதப் பிடிச்சு நிறுத்துது. அது கீழே இருந்தா இல்லாத மாதிரிதான். முட்டுக் குடுத்திருக்கிற வரைக்கும் நிக்கும். முட்ட எடுத்தா எப்ப வேணா விழும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். கோபத்தில் ஏனோதானோ என்று கட்டிவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டுவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான். முகம் செத்துப்போயிற்று.

சுத்தியலம்மா டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டினார். "கட்டினவங்க சரியாத்தான் கட்டியிருக்காங்க. கம்பியத் தூக்கி நிறுத்துற கால் எல்லாம் இருக்கு, வேணும்கிற அளவுக்கு மேலயே இருக்கு. ஆனா எல்லாம் மடங்கிப் படுத்திருக்கு. யாரோ கூட்டமா ஏறி நின்னிருக்காங்க."

மாமா மெதுவாகப் பையில் கைவிட்டு போனை எடுத்து, குற்றவாளி மாதிரித் தம்பியிடம் நீட்டினார். படத்தில் அத்தனை பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நிமிர்ந்து, நேராக அக்காவிடம் கேட்டான்.

"பீரோவ நடுவுலயா நிறுத்தினே?"

ஒரு வாரம் கழித்து அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. மாமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் தம்பி சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடைபலகையில் உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை நானே அளந்தேன்கா. எல்லாம் சரியா இருந்துச்சு. இன்னிக்குத் திரும்பப் பாத்திருக்க மாட்டேன். இவங்க இல்லேன்னா ஊத்தியிருப்பேன். அப்புறம் பாப்பா இங்க வந்து நின்னு..." பாப்பா என்றது அக்கா மகளை. பால்கனி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவளே அவள்தான்.

"தப்பு என்னுதுடா" என்றாள் அக்கா. "ஏத்தினதும் நான். உன்னச் சந்தேகப்பட்டதும் நான்." பிறகு சுத்தியலம்மாவின் தூசி படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். எங்க குடும்பத்தையே காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

"ஊத்தி முடிக்கட்டும், அப்புறம் நன்றி சொல்லலாம்" என்றார் சுத்தியலம்மா. "மொதல்ல தூக்குங்க."

தம்பியே வேலையில் இறங்கினான். ஆட்களோடு சேர்ந்து கடப்பாரையால் நெம்பி, மடங்கிய கால்களை எடுத்துவிட்டுப் புதிதாக வளைத்த கால்களை நெருக்கமாக வைத்துக் கட்டினான். லாரி டிரைவர் கத்திக்கொண்டேயிருந்தார். மாமா போய் அவரிடமும் தலையாட்டிவிட்டு வந்தார். சுத்தியலம்மா வரிசை வரிசையாக அளந்து, "ம், இப்ப ஊத்துங்க" என்று சொல்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. முழுவதும் ஊற்றி முடிக்கிறவரை அவர் நகரவேயில்லை.

வேலை முடிந்ததும் அக்கா கொண்டுவந்திருந்த கேரியரை மணல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும்தான் கொண்டுவந்தாள். தினமும் அவன் பங்கு திரும்பித்தான் போயிற்று. இன்று அவனைக் கூப்பிடாமலே வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்தான். கேரியரைத் தானே திறந்தான். முதல் தட்டில் போட்டுச் சுத்தியலம்மாவிடம் நீட்டினான்.

"எங்க அக்கா சமையல் மேடம். நீங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் அடுத்த வேலை."

சுத்தியலம்மா ஒரு வாய் எடுத்தார். கட்டடத்தைப் பார்த்த அதே முகத்தோடு மென்றார்.

"உப்பு கம்மி."

"சின்ன வயசுலேருந்தே கம்மிதான் மேடம்" என்றான் தம்பி. "சொன்னா வருத்தப்படும்னு நாந்தான் சொல்லல."

சொல்லிவிட்டு, இன்னொரு தட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "நிறைய போடுக்கா. ஒரு வாரப் பசி."

அவள் போட்டாள். கண் மறைத்ததில் பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது.