வெட்டாத ஒன்பது நிமிஷம்

சினிமாத் தயாரிப்பாளர் சங்கச் செயலாளர் திருட்டு டிஸ்க் கடைக்குக் கூப்பிட்டபோது கேமராக்காரன் மறுபேச்சுப் பேசவில்லை. நாலு வருஷம் நாயாய் அலைந்து அவன் ஒளிப்பதிவு செய்த முதல் படம், வெளியான மறுநாளே அந்தக் கடையில் கூறு கட்டி விற்றது. தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அதன்பிறகு அவனை நம்பி யாரும் படம் கொடுக்கவில்லை. சோப்பு விளம்பரம் எடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"திருட்டுப் படத்துக்கு எதிரா ஒரு பிரச்சாரப் படம். கடையில சோதனை போடறதை அப்படியே எடுக்கணும்" என்றார் செயலாளர்.

"போலீஸ் வருமா சார்?"

"பின்னாடி வரும். முதல்ல நாம போறோம்."

'நாம' யார் என்பது வேனில் ஏறியதும் தெரிந்தது. படங்களில் அடி வாங்கிப் பிழைக்கும் சண்டைக்காரர்கள் நாலு பேர். அவர்களுக்குத் தலைவர் அவனுடைய அக்கா புருஷன். "மச்சான், இன்னைக்காவது என் முகத்தைக் காட்டுடா. எல்லாப் படத்துலயும் முதுகுதான் தெரியுது" என்று சிரித்தார்.

உச்சி வெயில். பத்துக்குப் பத்து அறையில், நகலெடுக்கும் பெட்டிகளுக்கு நடுவே கடைக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி டிஸ்க்குகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் அடியிலேயே கடைக்காரனின் தட்டு பறந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவன் மனசுக்குள், 'போடு இன்னொண்ணு' என்றான். பொய் சொல்வானேன், இனித்தது.

கடைக்காரன் சும்மா விடவில்லை. ஸ்டூலைத் தூக்கி ஒருத்தன் மண்டையில் இறக்கினான். ரத்தம் சுவரில் தெறித்தது. அதோடு நாலு பேருக்கும் நடிப்பு மறந்துபோயிற்று. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். காலைக் கட்டிப் பிடித்த மனைவியை ஒருவன் முடியைப் பிடித்து இழுத்து அலமாரியில் மோதினான். மாமா கடைக்காரனை வாசல்வரை இழுத்துப்போய், அவன் வலது கையை வாசற்படியில் அழுத்தி, ஷட்டரை ஓங்கி இறக்கினார்.

விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம்.

"மாமா! விடுங்க மாமா!" என்று கத்தினான் கேமராக்காரன். கத்தினானே தவிர, கேமராவைக் கீழே வைக்கவில்லை. அதை நினைத்து அவன் பிறகு பல நாள் தூங்காமல் கிடந்தான்.

செயலாளர் வேனிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய இரண்டு நீளக் கத்திகளைக் கொண்டுவந்து மேஜைக்கடியில் செருகினார். "இப்ப எடு. திருட்டுப் படம் வாங்குற காசு எங்கே போகுதுன்னு ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்."

அவர் கத்தியைச் செருகும்போதும் கேமரா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் எடிட்டிங் அறையில் அவர் வரிசை சொன்னார்: முதலில் ஸ்டூல் அடி, அப்புறம் கத்தி, அவ்வளவுதான்.

"மூவாயிரம் டிஸ்க் இருந்துச்சே சார். அது நிஜம். அது போதாதா?"

"நிஜத்தைப் பார்த்து எவன்யா பயப்படுவான்?"

கேமராக்காரன் தலையாட்டிவிட்டு வந்தான். வெளியீட்டு விழாவில் பத்திரிகைக்காரர்கள் நிறைந்த தியேட்டரில் ஓடியது வெட்டாத ஒன்பது நிமிஷமும். கடைக்காரனை வாசலுக்கு இழுத்துப்போகும் காட்சி வந்ததும் செயலாளர் எழுந்து திரைக்கு முன்னால் நின்று, "நிறுத்துங்கடா!" என்று கையை விரித்தார். அவர் சட்டைமேல் ஷட்டர் இறங்கியது.

வண்டி நிறுத்துமிடத்தில் மாமா காத்திருந்தார். முதல் குத்தில் இரண்டு பல் போயிற்று. இரண்டாவதில் தாடை விலகியது. விழுந்தவன் கையில் சிக்கிய கேமரா முக்காலியை வீசினான். மாமாவின் முழங்கால் கழன்று அவரும் விழுந்தார். இருவரும் தரையிலேயே கட்டிப் புரண்டு ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள்.

விழாவுக்கு வந்திருந்த அக்கா ஓடி வந்து விலக்கினாள். தம்பியைத் தூக்கி உட்கார வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு அதே வாயில் ஓர் அறை விட்டாள்.

"உன் நியாயம் பெரிசுன்னு என் குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டியேடா!"

இரண்டு வழக்கு நடந்தது. அடிதடியில் செயலாளருக்கு மூன்று வருஷம், மாமாவுக்கு இரண்டு. தீர்ப்பு வந்த அன்று கடைக்காரனின் மனைவி கேமராக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நகலெடுத்த வழக்கிலும் கேமராக்காரன்தான் சாட்சி. கூண்டில் ஏறி, எத்தனை பெட்டி, எத்தனை டிஸ்க் என்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். மூன்று விரல் மடங்காத கடைக்காரனுக்கு ஆறு மாதம் விழுந்தது.

வெளியே அந்த மனைவி வழிமறித்தாள். "எங்க பக்கம்னு நம்பினோமே அண்ணே?"

"கடையில கத்தி இல்லைம்மா. டிஸ்க் இருந்துச்சு. என்ன பண்ணச் சொல்ற?"

அவள் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். அவன் வலிக்கிற தாடையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.